மண்ணில் எழுந்த இறையில்லமும் அதைத் தாங்கும் கரங்களும்

 



அரபு மொழியில் 'இமாரத்' என்று ஒரு சொல் உண்டு. கட்டடம் என்றே நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் அதன் வேர்ச்சொல்லுக்கு அதைவிட விரிந்த பொருள் இருக்கிறது. கட்டுவது, பழுது பார்ப்பது, ஆள் நடமாட்டத்தோடு வைத்திருப்பது, செழிக்கச் செய்வது ஆகிய அனைத்தும் அந்த ஒரே வேரில் அடங்கும். மனிதனின் ஆயுளைக் குறிக்கும் 'உம்ர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. அல்லாஹ்வின் இல்லங்களை யார் பரிபாலிப்பார்கள் என்பதைத் திருக்குர்ஆன் அத்தவ்பா அத்தியாயத்தின் 18ஆம் வசனம் எடுத்துரைக்கும்போது இந்த வேரிலிருந்து வரும் சொல்லையே ஆள்கிறது. சுவர் எழுப்புவதும் இமாரத்தான். அச்சுவருக்குள் தொழுகையாளிகளை நிரப்புவதும் இமாரத்தான் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள்.

அப்படியானால், ஒரு கட்டடம் கட்டி முடிக்கப்பட்ட நாளில் அதன் இமாரத் முடிந்துவிடுவதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது. கட்டடத்துக்கு ஆயுளைக் கொடுப்பவர்கள் அதற்குள் வாழ்கிறவர்களே. இந்த உண்மையை வரலாற்றின் ஏடுகளிலிருந்து சற்று விரிவாகக் காண்போம்.

மதீனாவின் மண் சுவர்கள்

கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் எப்படி இருந்தது? சுடாத மண் கற்களால் ஆன சுவர். பேரீச்ச மரத் தண்டுகளே தூண்கள். பேரீச்ச மட்டைகளே கூரை. அந்தக் கற்களைச் சுமந்தவர்கள் கூலியாட்கள் அல்லர். நபித்தோழர்களே சுமந்தார்கள். அவர்களோடு நபி (ஸல்) அவர்களும் சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வந்தபோது அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்து வந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன.

ரமளானின் ஓர் இரவில் மழை பெய்தது. மட்டைக் கூரை ஒழுகியது. ஈரமான தரையில் ஸஜ்தா செய்து எழுந்த நபி (ஸல்) அவர்களின் முபாரக்கான நெற்றியில் தண்ணீரும் மண்ணும் படிந்திருந்ததைத் தம் கண்ணால் கண்டதாக அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அதே பள்ளிவாசலில் குப்பை கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஓர் எளிய பெண்மணி இருந்தார். சில நாட்கள் அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று கூறப்பட்டது. தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று வருந்திய நபியவர்கள், அப்பெண்மணியின் கப்ருக்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். இறையில்லத்தின் தரையைத் தொட்ட ஒரு துடைப்பத்துக்கு நபியவர்களின் பார்வையில் எத்தகைய மதிப்பு இருந்தது என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

பின்னர் ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியை விரிவுபடுத்தினார்கள். மக்களை மழையிலிருந்து காக்கும்படியாகக் கட்டுங்கள், சிவப்பும் மஞ்சளும் பூசித் தொழுவோரின் கவனத்தைச் சிதறடிக்க வேண்டாம் என்பதே அவர்களின் அறிவுரையாக இருந்தது. கட்டடம் மனிதர்களுக்காக இருக்கிறது. மனிதர்கள் கட்டடத்துக்காக அல்லர் என்ற தெளிவு அதில் இருந்தது.

மண்ணையும் மரத்தையும் கொண்டு, ஊரார் கைகளால் எழுந்து நின்ற அந்த முதல் இறையில்லத்தின் பண்பை இன்றைக்கும் கண்முன் காட்டுகின்ற ஓர் ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் ஜென்னே.

அரண்மனை பள்ளிவாசலான கதை

மாலி நாட்டில், நைஜர் ஆற்றோடு கலக்கும் பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்த பழம்பெரும் வணிக நகரம் ஜென்னே. சஹாரா பாலைவனத்தைக் கடந்து திம்புக்து நகருக்கு வந்த உப்பும், தெற்கிலிருந்து சென்ற தங்கமும் இந்நகரின் வழியே படகுகளில் கைமாறின. சரக்கோடு மார்க்கமும் கல்வியும் வந்தன.

17ஆம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸஅதீ என்ற அறிஞர் 'தாரீகுஸ் ஸூடான்' என்னும் வரலாற்று நூலை எழுதினார். ஜென்னேயில் இமாமாகவும் பணியாற்றிய அவர், அந்நகரின் மன்னர் குன்புரு இஸ்லாத்தைத் தழுவிய செய்தியைப் பதிவு செய்கிறார். ஆலிம்களை ஒன்றுதிரட்டி அவர்கள் முன்னிலையில் கலிமாவை மொழிந்த அம்மன்னர், தம் அரண்மனையை இடித்து அவ்விடத்தைப் பள்ளிவாசலாக்கினார். தமக்கு அதன் கிழக்குப் பக்கத்தில் வேறோர் இல்லம் கட்டிக்கொண்டார் என்பது அந்நூல் தரும் செய்தி. ஒரு மனிதர் அமர்ந்து ஆண்ட இடம், ஊரே நெற்றி பதிக்கும் இடமாயிற்று.

மண்ணின் மாண்பு

ஜென்னேயில் இன்று நாம் காணும் ஜாமிஆ பள்ளிவாசல் 1907இல் கட்டி முடிக்கப்பட்டது. வெயிலில் உலர்த்திய மண் கற்களாலும் மண் சாந்தாலும் ஆன கட்டடங்களில் உலகிலேயே மிகப் பெரியது என்று இதைச் சொல்கிறார்கள். பானி ஆறு பெருக்கெடுக்கும் காலத்தில் வெள்ளம் நுழையாதிருக்க, சந்தைத் திடலைவிட ஏறத்தாழ 3 மீட்டர் உயரமான மேடையின் மீது அது நிற்கிறது. அவ்வூருக்குக் கிப்லா கிழக்குத் திசை. அந்தக் கிப்லாச் சுவரில் மூன்று கனத்த கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. உச்சிக் கூம்புகளில் தீக்கோழி முட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. உள்ளே, கூரையைத் தாங்கும் 90 தூண்கள் ஒரு காட்டைப் போல் நெருங்கி நிற்கின்றன. கூரையில் ஆங்காங்கே துளைகள். அவற்றின் மீது சுட்ட மண் மூடிகள். வெப்பம் மிகும்போது மூடியை எடுத்துவிட்டால் சூடான காற்று மேலே வெளியேறிவிடும்.

சுவர்களிலிருந்து வரிசை வரிசையாக மரச் சட்டங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தவை என்று எண்ணத் தோன்றும். அவை பனஞ்சட்டங்கள். நம் ஊர்ப் பனைக்கு மிக நெருங்கிய இனமான ஆப்பிரிக்கப் பனையிலிருந்து எடுக்கப்பட்டவை. பழுது பார்க்கும் நாளில் ஆட்கள் ஏறி நின்று வேலை செய்வதற்கான சாரமாக அவை பயன்படுகின்றன. சிந்தித்துப் பாருங்கள்! அக்கட்டடத்தைக் கட்டியவர்கள், இது ஒரு நாள் பழுதாகும் என்பதையும், அதைப் பழுது பார்க்க மனிதர்கள் வருவார்கள் என்பதையும் கட்டும்போதே அறிந்திருந்தார்கள். வரப்போகும் தலைமுறைகள் கால் வைப்பதற்குச் சுவரிலேயே படிகளை விட்டுச் சென்றார்கள்.

ஊரே கூடும் ஒரு நாள்

மண் சுவருக்கு மழை பகை. ஒவ்வொரு மழைக்காலமும் பூச்சை அரித்துச் செல்கிறது. ஆகவே ஆண்டுதோறும், மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வரும் வறண்ட நாட்களில், ஜென்னே நகரத்தார் அனைவரும் கூடித் தங்கள் பள்ளிவாசலுக்குப் புதிய மண் பூச்சுப் பூசுகிறார்கள்.

அதற்கான ஏற்பாடு பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆற்றிலிருந்து எடுத்த களிமண்ணோடு உமியும் தவிடும் கலந்து குழிகளில் ஊறவைக்கிறார்கள். அது புளித்துப் பதமாவதற்காக அவ்வப்போது மிதித்துக் கிளற வேண்டும். இந்தப் பணி சிறுவர்களுடையது. சேற்றில் குதித்து விளையாடுவதே அவர்கள் செய்யும் ஊழியம்!

குறித்த நாள் வந்ததும், முதல் கூடைச் சேற்றைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு சேர்ப்பது யார் என்று இளைஞர்களிடையே ஓட்டப் போட்டி நடக்கிறது. மஹல்லாவுக்கு மஹல்லா போட்டி. பெண்களும் சிறுமிகளும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறார்கள். இளைஞர்கள் ஏணி வைத்துப் பனஞ்சட்டங்களின் மீது ஏறி, வெறுங்கையால் சேற்றை அப்பித் தடவுகிறார்கள். கொத்தனார் சங்கத்தைச் சேர்ந்த மூத்தவர்கள் எங்கே எவ்வளவு பூச வேண்டும் என்று வழிகாட்டுகிறார்கள். கடந்த காலங்களில் பூசிப் பூசிக் கை தளர்ந்த முதியவர்களுக்குச் சந்தைத் திடலில் மரியாதைக்குரிய இடம் ஒதுக்கப்படுகிறது. அவர்கள் அமர்ந்து பார்த்திருப்பார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு நாளில் ஊரில் வேலையில்லாதவர் எவரும் இல்லை. சிறுவனுக்கு ஒரு வேலை, சிறுமிக்கு ஒரு வேலை, தாய்க்கு ஒரு வேலை, இளைஞனுக்கு ஒரு வேலை, முதியவருக்கு ஒரு கண்ணியம். அந்தச் சிறுவன் வளர்ந்து இளைஞனாகி ஏணியில் ஏறுவான். பின்னர் முதியவனாகித் திடலில் அமர்வான். கட்டடத்தின் வயதோடு மனிதனின் வயதும் பின்னிக் கிடக்கிறது. இமாரத்தும் உம்ரும் ஒரே வேர் என்று நாம் மேலே சொன்னதற்கு இதைவிடக் கண்கூடான விளக்கம் வேறில்லை.

அவ்வூரின் வீடுகளும் இப்படித்தான். கொத்தனார் குடும்பத்துக்கும் வீட்டுக்காரக் குடும்பத்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக உறவு தொடர்கிறது. பாட்டனாரின் வீட்டைப் பூசியவரின் பேரர், பேரனின் வீட்டைப் பூச வருகிறார். எந்தச் சுவரில் எங்கே ஈரம் ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

கரங்கள் விலகியபோது

இத்தகைய கட்டடத்திலிருந்து மக்களின் கரங்கள் விலகினால் என்ன ஆகும்? அதற்கும் ஜென்னேயின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸேகு அஹ்மது என்ற ஃபுலானி இனத் தலைவர் சீர்திருத்த இயக்கம் ஒன்றை நடத்தி, மாஸினா என்ற அரசை நிறுவி, ஜென்னேயையும் தம் ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தார். எளிமையை விரும்பிய அவருக்கு அங்கிருந்த பழைய பெரிய பள்ளிவாசல் பிடிக்கவில்லை. ஆனால் இறையில்லத்தை இடிப்பது எப்படி? அவர் இடிக்கவில்லை. கூரையிலிருந்து மழைநீர் வடியும் தூம்புகளை அடைத்துவிடச் செய்தார். மழையே மீதி வேலையைச் செய்து முடித்தது என்று ஜென்னே மக்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

1828இல் அவ்வழியே சென்ற ரெனே காயே என்ற பிரெஞ்சுப் பயணி, அப்பள்ளிவாசலின் நிலையைத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கைவிடப்பட்ட அக்கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருந்தன. அவற்றால் எழுந்த நாற்றம் தாங்காமல், மக்கள் வெளியே ஒரு சிறு முற்றத்தில் தொழுதுவந்தார்கள் என்பது அவர் தரும் தகவல். அரண்மனையை இடித்து எழுப்பிய இறையில்லம், பறவைகளின் கூடாரமாகிவிட்டது. 1834 முதல் 1836 வரையிலான காலத்தில் ஸேகு அஹ்மது, கோபுரமோ அலங்காரமோ இல்லாத வேறொரு பள்ளிவாசலை அருகிலேயே கட்டினார்.

எதிரியின் படையெடுப்பு தேவைப்படவில்லை. நெருப்போ நில நடுக்கமோ தேவைப்படவில்லை. தூம்பு அடைபட்டது, ஆண்டுப் பூச்சு நின்றது, சில மழைக்காலங்கள் கடந்தன. அவ்வளவே போதுமானதாக இருந்தது!

1893இல் பிரெஞ்சுப் படை ஜென்னேயைப் பிடித்தது. 1906இல் பழைய இடத்திலேயே பள்ளிவாசலை மீண்டும் எழுப்பும் பணி தொடங்கியது. கொத்தனார் சங்கத்தின் தலைவரான இஸ்மாயிலா திராவோரே அதை முன்னின்று நடத்தினார். அந்த வேலையில் காலனி ஆட்சியின் கட்டாய உழைப்பு பயன்படுத்தப்பட்டது என்ற கசப்பான உண்மையையும் வரலாறு மறைக்கவில்லை. கட்டாயத்தின் பேரில் எழுந்த சுவரை, அதன் பிறகு வந்த தலைமுறைகள் மனமுவந்து பூசிப் பூசித் தமதாக்கிக்கொண்டன. ஒரு கட்டடம் யாருடையது என்பதை, அது எப்படித் தொடங்கியது என்பதைவிட யார் அதைப் பராமரித்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி பிரான்சில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து திரட்டப்பட்ட போர்வீரர்களுக்காக, அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள ஃபிரெஜ்யூஸ் நகரில், 1930 வாக்கில் ஜென்னே பள்ளிவாசலைப் போன்ற ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. அது மண்ணால் ஆனதன்று. சிமெண்டில் கட்டிச் செம்மண் நிறம் பூசப்பட்டது. ஆண்டுதோறும் மண் பூச வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆனால் அது தொழுகையால் உயிர் பெற்ற பள்ளிவாசலாக விளங்கவில்லை. நினைவுச் சின்னமாகவே நிற்கிறது. உருவம் ஒன்றுதான். ஒன்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஊரே தேவைப்படுகிறது. மற்றொன்றுக்கு எவரும் தேவைப்படவில்லை.

அன்பும் அறிவும்

கண்ணியத்திற்குரியவர்களே! இதுவரை கேட்டதைக் கொண்டு, பழையதைப் பழையபடி செய்துகொண்டிருந்தாலே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. ஜென்னே நமக்குத் தரும் பாடம் அத்தனை எளிதானதன்று.

ஆண்டுதோறும் அன்போடு பூசிய மண், அடுக்கடுக்காகச் சேர்ந்து கனத்தது. கூரைக்கும் சுவர்களுக்கும் அந்தக் கனமே சுமையாயிற்று. அன்பும்கூட அறிவின்றிக் கூடிக்கொண்டே போனால் தாங்குகின்ற தூணை அழுத்தும்! எனவே ஆகா கான் கலாச்சார அறக்கட்டளையின் உதவியோடு சீரமைப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 2006இல் கூரையின் நிலையை ஆராய்வதற்காகச் சிலர் மேலே ஏறி அதை வெட்டிப் பார்த்தார்கள். தங்கள் இறையில்லத்தின் கூரையை யாரோ வெட்டுகிறார்கள் என்று கண்ட ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். கலவரம் மூண்டது. பொதுக் கட்டடங்கள் சூறையாடப்பட்டன. ஓர் உயிரும் பறிபோயிற்று.

எந்த நோக்கத்துக்காக ஏறினார்கள் என்பது நல்ல நோக்கம்தான். ஆயினும், பூசிய கரங்களிடம் முறையாக எடுத்துச் சொல்லி, அவர்களின் மனதை வென்ற பிறகு செய்திருந்தால் அந்த விபரீதம் நிகழ்ந்திருக்குமா? ஆலோசனை செய்து காரியமாற்றுவதை நம் மார்க்கம் வலியுறுத்துவது வீணாக அன்று. அதே வேளையில், ஆத்திரம் கொண்ட கூட்டம் செய்த அழிவை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. இறையில்லத்தின் மீதுள்ள நேசம், ஓர் உயிரைப் பறிக்கும் கோபமாக மாறும்போது அது நேசமே அன்று.

2009 நவம்பரில் பெருமழை பெய்தது. கிப்லாச் சுவரின் தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. அறிவின் துணை தேவைதான் என்பதை அம்மழை உணர்த்தியது. அதன்பின் அக்கோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டது. சேர்ந்திருந்த பழைய பூச்சு அடுக்குகள் அகற்றப்பட்டன. உள்ளூர்க் கொத்தனார்களின் கரங்களே அதிலும் உழைத்தன.

பார்ப்பவரும் வாழ்பவரும்

இன்னொரு நெருக்கடியும் அவ்வூருக்கு உண்டு. 1988இல் ஜென்னே நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெருமைதான். ஆனால் அதன் பிறகு மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்கள் விரும்பியவாறு மாற்றிக்கொள்வது கடினமாயிற்று. ஆண்டுதோறும் மண்ணும் உமியும் வாங்கிக் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய செலவன்று. ஆகவே சிலர் மண் சுவரின் மீது சுட்ட ஓடுகளைப் பதித்துக்கொள்ள விரும்பினார்கள், சிலர் பதித்தும்விட்டார்கள். பாரம்பரியம் கெடுகிறது என்று பார்க்க வருபவர்கள் குறைபட்டார்கள். பார்த்துவிட்டுப் போகிற உங்களுக்கு அழகு வேண்டும், இதற்குள் வாழ்கிற எங்களுக்கு வசதி வேண்டாமா என்பது வீட்டுக்காரர்களின் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மக்களை மழையிலிருந்து காக்கும்படியாகக் கட்டுங்கள் என்று சொன்ன உமர் (ரலி) அவர்களின் அறிவுரையை இங்கே நினைவுகூர வேண்டும். வீடு என்பது முதலில் அதில் உறங்கி எழுகின்றவர்களுக்கு உரியது. அவர்களின் கஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல், அவர்களின் சுவரை மட்டும் காக்க நினைப்பது நீதியாகாது.

அவ்வூர் மக்கள் தங்கள் பள்ளிவாசலின் கண்ணியத்தைக் காத்துக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. 1996இல் ஒரு மேனாட்டு ஆடையலங்கார இதழ் பள்ளிவாசலுக்குள் அழகிகளை வைத்துப் படமெடுத்தது. அரைகுறை ஆடையில் எடுக்கப்பட்ட அப்படங்களால் ஊரார் மனம் புண்பட்டது. அதன் பிறகு முஸ்லிமல்லாத பார்வையாளர்கள் உள்ளே நுழைவதற்குத் தடை வந்தது. தொழுமிடம் காட்சிப் பொருளாக்கப்பட்டதன் விளைவு அது.

2012 முதல் மாலி நாட்டை உள்நாட்டுப் போரும் வன்முறையும் வாட்டி வருகின்றன. சுற்றுலாப் பயணிகளின் வருகை அருகிப்போயிற்று. 2016இல் ஜென்னே, அபாயத்துக்குள்ளான பாரம்பரியங்களின் பட்டியலில் வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ஆனால் பூசுகின்ற கரங்கள் போகவில்லை. 2024ஆம் ஆண்டிலும் ஆயிரக்கணக்கான மக்கள் கூடித் தங்கள் பள்ளிவாசலுக்கு மண் பூசினார்கள். யாரோ பார்ப்பதற்காக அவர்கள் பூசவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் மஹல்லாவை நோக்கி

அன்பார்ந்த சகோதரர்களே, சகோதரிகளே! ஜென்னேயின் மண்ணை நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் மழையும் வேறு, நம் கட்டட முறையும் வேறு. ஆனால் அம்மண்ணுக்குள் இருக்கும் பாடம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

இன்று நம் பள்ளிவாசல்கள் கான்கிரீட்டால் உயர்ந்திருக்கின்றன, சலவைக்கல் பதித்த தரை மின்னுகிறது, மின்விசிறிகள் சுழல்கின்றன. இவையனைத்தும் நன்மையே. கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆனால் கட்டுவதற்கு வசூல் செய்யும்போது திரளும் ஆர்வம், கட்டி முடித்த பின் எங்கே போகிறது? திறப்பு விழா நாளில் நிரம்பிய ஸஃப்புகள் அடுத்த வாரத்து ஃபஜ்ரில் எத்தனை? ஹவுளில் பாசி படிந்தால் மோதினார் பார்த்துக்கொள்வார். உளூச் செய்யும் இடத்தில் குழாய் ஒழுகினால் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். கழிப்பிடம் நாறினால் கூலிக்கு ஆள் வரும் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒழுகும் குழாயைக் கடந்து போகிறவர், ஸேகு அஹ்மது அடைத்த தூம்பைத் தாமும் அடைப்பவராகவே ஆகிறார் என்று சொன்னால் மிகையாகாது.

நம் பிள்ளைகளின் நிலையைச் சிந்தியுங்கள். ஜென்னேயின் சிறுவன் தன் பள்ளிவாசலைச் சேறு மிதித்து அறிகிறான். நம் சிறுவன் அதை எப்படி அறிகிறான்? சத்தம் போடாதே, ஓடாதே, பின் வரிசைக்குப் போ என்ற அதட்டல்களின் வழியே அறிகிறான். ஒழுக்கம் கற்பிப்பது கடமைதான். ஆனால் அதட்டல் மட்டுமே அவன் நினைவில் தங்குமானால், வளர்ந்த பின் அவன் கால்கள் எப்படி அங்கே வரும்? அவன் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள். பாய்களை உதறி விரிக்கும் வேலையைக் கொடுங்கள். குர்ஆன் பிரதிகளைத் துடைத்து அடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். இது என் பள்ளிவாசல் என்ற எண்ணம் அவன் கையின் வழியே உள்ளத்துக்குள் இறங்கும்.

ரமளானுக்கு முன் பள்ளிவாசல்களுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கூலியாட்களிடம் மட்டும் விட்டுவிடாமல், ஷஅபான் மாதத்தில் ஒரு நாளை ஜமாஅத்தார் அனைவரின் உழைப்புக்கும் ஒதுக்கினால் என்ன? செல்வந்தரும் கூலித் தொழிலாளியும் ஒரே வாளியில் தண்ணீர் எடுப்பார்கள். பேசாதிருந்த இருவர், ஒரே பாயின் இரு முனைகளைப் பிடித்து உதற நேரும். ஊரின் பிளவுகள் பலவற்றுக்கு அந்த ஒரு நாள் மருந்தாகலாம். கை தளர்ந்த முதியவர்களுக்கு நிழலில் நாற்காலி போட்டு, பழைய பள்ளிவாசல் எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டறியலாம். வல்லுநரின் வேலையை வல்லுநரிடம் விட வேண்டும். கூரையில் ஏறுவதற்கு முன் ஜமாஅத்தைக் கூட்டிப் பேச வேண்டும் என்ற படிப்பினையையும் மறந்துவிடக்கூடாது.

இல்லங்களுக்கும் இதே நியதிதான். கடன் பட்டுக் கட்டிய மாளிகையில் பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்துபோக, முதிய பெற்றோர் இருவர் மட்டும் விளக்கேற்றி அமர்ந்திருக்கும் காட்சி நம் ஊர்களில் அரிதானதன்று. அந்த வீட்டின் சுவர் உறுதியாகத்தான் நிற்கிறது. ஆனால் அதன் இமாரத் எங்கே? வீட்டைக் கட்டிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணும் மகன், விடுமுறையில் வந்து அதன் ஒழுகலைத் தன் கையால் அடைத்து, பெற்றோரோடு அமர்ந்து ஒரு வேளை உண்டு செல்வானானால், அந்த வீடு மீண்டும் உயிர் பெறும். கூட்டுவது, துடைப்பது, பழுது பார்ப்பது ஆகியவற்றை ஒரு பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றிவைக்காமல் வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்வதும் இமாரத்தின் ஒரு பகுதியே. நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

மதீனாவின் மட்டைக் கூரை ஒழுகியது. அதன் கீழே நிரம்பிய ஸஃப்புகள் உலகையே மாற்றின. ஜென்னேயின் மண் சுவர் ஆண்டுதோறும் கரைகிறது. ஆண்டுதோறும் அவ்வூர் மக்கள் அதைச் சுற்றி ஒன்றுகூடுகிறார்கள். நம் கான்கிரீட் கரைவதில்லை. அதனாலேயே நம் கடமை நின்றுவிட்டதாக எண்ணிவிடலாகாது.

யா அல்லாஹ்! உன் இல்லங்களைத் தொழுகையாலும் திக்ராலும் எங்கள் உழைப்பாலும் செழிக்கச் செய்யும் நல்லோர் கூட்டத்தில் எங்களைச் சேர்ப்பாயாக! எங்கள் வீடுகளை அன்பு நிறைந்த வீடுகளாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கரங்களை நற்பணிகளில் பழக்குவாயாக! மாலி நாட்டு மக்களுக்கும், அச்சத்திலும் போரிலும் வாடும் அனைவருக்கும் அமைதியை அருள்வாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!